நெடுந்தீவுக் குதிரையும் ஜஸரீயின் முளைகளும்

நமது இலக்கியக் கூட்டங்களிலும் மீலாத் மேடைகளிலும் அல்-ஜஸரீயின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ரோபோவின் தந்தை என்கிறார்கள். எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் இறங்கிப் போய்விடுகிறார். அந்த மனிதர் செய்தது என்ன, எப்படிச் செய்தார், இன்றைக்கு ஒரு மரக்குதிரையின் காதை ஆட்ட வேண்டுமென்றால் அவருடைய நூலிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது ஒரு நூலகத்தில் அல்ல, நெடுந்தீவில்.

வேலணையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர்தான் காரணம். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் குதிரைகளைப் பார்க்க வருகிறார்கள். திரும்பும்போது கையில் பனையோலைப் பெட்டி இருக்கிறது, குதிரை இல்லை. நயினாதீவுத் திருவிழாக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் குதிரைக்கோ நாலு காலும் ஒரே வேகத்தில் அடித்துக்கொள்ளும்; அதற்கு நெடுந்தீவும் தெரியாது, குதிரையும் தெரியாது. இங்கேயே செய்யக்கூடிய, பற்றரியில் இயங்கும், உண்மையான குதிரை மாதிரி அசைகிற ஒரு பொம்மையை வடிவமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் விஞ்ஞானம் கற்பித்தவன். அதைவிட முக்கியமாக, சோனகத்தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவரின் மகன். ஊர்காவற்றுறையில் பாய்க்கப்பல்கள் கட்டிய காலத்து ஆணிகளும் சங்கிலிகளும் வாப்பாவின் கடைக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போய் இரண்டு நாட்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டவை, ஒல்லாந்தர் தொழுவம் கட்டிப் பெருக்கியவை, பின்னர் ஆங்கிலேயரும் சில காலம் வளர்த்துக் கைவிட்டவை இவற்றின் முன்னோர். முருகைக்கல் மதில்களுக்கு அப்பால் வெட்டவெளியில் மேய்கின்றன. மேய்ச்சல் நிலத்தை உள்ளடக்கிய பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் வறட்சி வருகிறபோது தண்ணீரின்றிச் சாகிற குதிரைகளின் செய்தியும் வருகிறது. உருவத்தில் சிறியவை, மட்டக்குதிரை என்று சொல்லத்தக்கவை.

நான் எதிர்பார்த்தது ஓட்டத்தை. அந்த இரண்டு நாட்களில் அவை ஓடியது மொத்தமாகச் சில நிமிடங்களே. மிச்ச நேரமெல்லாம் நின்றன. ஆனால் அந்த நிற்பு ஒரு கணமும் முழுமையாக நிற்கவில்லை. ஒரு காது முன்னே இருக்க மற்றக் காது பின்னே திரும்பும். ஈ உட்கார்ந்த இடத்தில் தோல் மட்டும் சிலிர்க்கும். பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றும். வால் ஒருமுறை பெரிதாக வீசும், உடனே சிறிதாக இன்னொருமுறை. தலை மெல்லத் தாழும், திடீரென்று உயரும். இவற்றுள் எதுவும் மற்றதோடு சேர்ந்து நடப்பதில்லை. அவ்வளவுதான் உயிர்த்தோற்றத்தின் இரகசியம் என்று எனக்குப் பட்டது.

விளையாட்டுப் பொம்மையில் உயிருள்ளதன் சாயலைக் கொண்டுவரலாமா என்ற மார்க்க வினா நம்மவரிடம் எழுவது இயல்பு. அதை நீட்டி எழுத இது இடமல்ல. அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ் ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணித் துண்டுகளால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகளார் (ஸல்) வினவ, ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்கு இடமளித்த அறிஞர் பலர் இதனையே ஆதாரமாக எடுத்தனர். அந்த வீட்டில் இருந்த பொம்மையும் ஒரு குதிரை என்பது எனக்குப் போதுமாயிருந்தது.

தமிழில் இயந்திர விலங்குகளுக்குக் குறைவில்லை. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் அனுப்பியது, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த பொறியானை. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில். வலப்புறம் திருக அது மேலெழும், இடப்புறம் திருகக் கீழிறங்கும். நயினாதீவை மணிமேகலையின் மணிபல்லவமாகக் கொள்வோர் உண்டென்பதால், இந்தத் தீவுகளில் நின்றுகொண்டு அந்தக் காப்பிய மயிலை நினைப்பது ஒன்றும் வலிந்த காரியமல்ல. ஆனால் ஒரு தச்சன் அந்தப் பாடல்களை வைத்துக்கொண்டு மயிலைச் செய்ய முடியாது. திருகினால் என்ன நடக்கும் என்று புலவர் சொல்கிறார். திருகுக்கும் சிறகுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அது அவர் வேலையுமல்ல.

ஜஸரீயின் வேலை அதுவாகவே இருந்தது. தியார்பக்கிரை ஆண்ட அர்த்துக்கிய மன்னன் நாஸிருத்தீன் மஹ்மூதின் பணிப்பில் 1206இல் அவர் எழுதி முடித்த நூலில் 50 கருவிகள் விவரிக்கப்பட்டுள்ளன. அளவுகள், உலோகத்தின் வகை, எந்தத் துண்டை எதனோடு பற்றவைப்பது, எங்கே துளையிடுவது, எந்த முறை தனக்குச் சரிவரவில்லை என்பது வரை எழுதுகிறார். டொனால்ட் ஹில் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தது 1974இல். இரண்டே ஆண்டுகளில், 1976இல், இலண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவையொட்டி அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் ஒன்றை மீளக் கட்டி ஓடவிட்டார்கள். 770 ஆண்டுகள் கழித்துத் தாளிலிருந்து ஒரு பொறி எழுந்து நடந்தது. கவிதையால் இயலாத காரியம் இது. நாம் பெருமை பேச வேண்டுமென்றால் இந்த இடத்தில் பேசலாம்.

அவருடைய யானைக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் துளையுள்ள ஒரு கிண்ணம் மிதக்கிறது. நீர் ஏற ஏற அரை மணி நேரத்தில் மூழ்குகிறது. நம் பக்கத்து நாழிகை வட்டில் இதே தத்துவந்தான். கிண்ணம் மெல்லத் தாழும்போது மேலே ஓர் எழுத்தரின் உருவம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரும்புகிறது, எழுதுகோல் நேரத்தைக் காட்டுகிறது. கிண்ணம் முழுதாக மூழ்கும் கணத்தில் உச்சியிலுள்ள பறவை கூவும், வல்லூறு ஒரு குண்டைப் பாம்பின் வாயில் போடும், பாம்பு கவிழும், பாகன் அடிப்பான். பிறகு மீண்டும் அரை மணி நேர அமைதி. நூலை முதன்முறை படித்தபோது எனக்கு வியப்பூட்டியது அந்தக் குழப்பமான ஆரவாரம். நெடுந்தீவுக்குப் போய்வந்து படித்தபோது வியப்பூட்டியது அந்த அரை மணி நேரம்.

இது நானாக ஏற்றிச் சொல்வதல்ல. ஊற்றுகளைப் பற்றிய பகுதியில் ஜஸரீ தமக்கு முன் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களைக் குறிப்பிடுகிறார். அவர்கள்மீது மதிப்பு வைத்தே குறை சொல்கிறார்: அவர்களுடைய ஊற்றில் நீரின் வடிவம் ஒவ்வொரு சுழற்சிக்கும் மாறிவிடுகிறது, அந்த இடைவெளி மிகக் குறுகியது, மாறியதைப் பார்க்கிறவர் உணர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆகவே தம்முடைய ஊற்றில் இடைவெளியை நீட்டினார். பொம்மை செய்கிறவனுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. அசைவை அதிகமாக்குவது எளிது. எப்போது அசையக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு.

அவருடைய இசைப் படகைப் பற்றியும் சொல்லவேண்டும். அரண்மனை விருந்தில் குளத்தில் மிதக்கும் படகு; அதில் பொம்மை இசைவாணர்கள். சுழலும் அச்சில் முளைகள் அடித்திருக்கும். முளை வந்து நெம்பைத் தட்ட, நெம்பு கையை அசைக்க, கை பறையில் விழும். முளைகள் எங்கே இருக்கின்றனவோ அதுவே தாளம். இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோயல் ஷார்க்கி இதன் மாதிரியைச் செய்துகாட்டி, முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும், ஆகவே இது நிரல் எழுதக்கூடிய பொறி என்று வாதிட்டார். செய்து பார்த்தவரின் வாதம் அது, கவனத்துக்குரியது. மேடையில் நாம் அதை ஜஸரீயே சொன்னதாகச் சொல்லிவிடுகிறோம். முளையே போதும் ஐயா, அதற்கு மேல் ஏன்? வாகனத் திருத்துநர்கள் 'கேம்' என்று சொல்லும் மேடுபள்ளத் தட்டு அதன் உறவுதான். நமது மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் அது இன்றும் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவுக்கு வந்தால் திப்பு சுல்தானின் புலி. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு இலண்டனுக்குப் போனது. இப்போது விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெள்ளைக்காரன் ஒருவனைக் கவ்விப்பிடித்த மரப்புலி. அரசியலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பொறியைப் பற்றி நம்மவர் எழுதுவதில்லை. கைப்பிடியைச் சுற்றினால் விழுந்து கிடப்பவனின் கை உயர்ந்து தாழும், துருத்தி ஊத அவன் ஓலமிடுவான். அதே அச்சில் திருகு போல வெட்டிய பல் ஒன்று இன்னொரு சில்லை மிக மெதுவாகச் சுற்றுகிறது. அந்தச் சில்லால் புலி பல ஓலங்களுக்கு ஒருமுறையே உறுமும். ஆக ஒரே கையின் விசையில் இரண்டு வேறு காலக்கணக்குகள். ஓலமும் உறுமலும் ஒன்றாக வந்திருந்தால் அது வெறும் சத்தமாக இருந்திருக்கும். உறுமல் தாமதித்து வருவதால்தான் அது புலி.

நீர் போய்க் கை வந்தது, கை போய்ச் சுருள்வில் வந்தது, பிறகு பற்றரி. இந்தப் பகுதியை நான் விரைந்து கடக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானியப் பட்டறைகள் தகரப் பொம்மைகளுக்குள் சிறு மோட்டாரை வைத்தன. 1962இல் வந்த மதுபரிமாறும் கிழவன் பொம்மை (நமக்கு ஆகாத தொழில், ஆனாலும் நல்ல பொறி) குலுக்கும், ஊற்றும், குடிக்கும், முகம் சிவக்கும், காதால் புகை விடும். உள்ளே மோட்டார் ஒன்றுதான், மற்றதெல்லாம் கேம். 1998இல் அமெரிக்காவில் வந்த ஃபர்பியும் அப்படியே. கண், காது, வாய், உடல் எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார். ஆனால் அது முன்னும் பின்னும் சுற்றும். எந்த இடத்தில் நிற்பது என்பதை ஒரு சில்லு தீர்மானிக்கும். முளை இருந்த இடத்தில் இருக்க, இடைவெளியைத் தீர்மானிக்கும் வேலை மட்டும் கணினிக்குப் போயிற்று. அந்தப் பொம்மை பேச்சை ஒலிப்பதிவு செய்துவிடுமென்று அஞ்சி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் தன் அலுவலகத்துக்குள் அதனைத் தடைசெய்த செய்தி 1999இல் வந்தது. படித்து அமெரிக்கர்கள் சிரித்தார்கள். வடக்கிலிருந்து வந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில் எங்களிடத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது பொம்மையல்ல, பற்றரியே. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கிற்குக் கொண்டுசெல்லக்கூடாத பொருட்களின் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, உரம் முதலியவற்றோடு டோர்ச் பற்றரியும் இருந்தது. மின்சாரமும் இல்லை. குடாநாட்டில் இரவு என்பது ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் நாங்கள் அங்கு இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தோம். அங்கே கடைகளில் பற்றரி தொங்கியது, வாங்கப் பணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பணம் இருந்தவருக்கும் பற்றரி இல்லை. வாப்பாவின் கடையில் இருந்த பல்சில்லுகளும் பெயரிங்குகளும் என்னவாயின என்று 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை தெரியாது. திறந்தபின் போய்ப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும் நின்றது. வேலணை நண்பரைக் கண்டது அந்தப் பயணத்தில்தான். அவரும் தீவிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் அலைந்தவர்.

"உங்கட வாப்பான்ர கடைச் சாமான் கொஞ்சம் எங்கட சைக்கிள் கடைக்காரரிட்ட வந்தது தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஆரிட்டயாவது இருந்தால் சரிதான் மாஸ்டர். கடலுக்குள்ள போகேல்லத்தானே," என்றேன்.

அவர் சொன்ன இன்னொரு விடயம் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. தன் மகளின் பறை தட்டும் கரடிப் பொம்மையை, பற்றரி தீர்ந்தபின், டைனமோவில் ஓடவைத்திருக்கிறார். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்ட மின். பொம்மையின் மோட்டாருக்கு வேண்டியது நேரோட்டம். நேராகக் கொடுத்தால் மோட்டார் சுற்றாமல் முனகும். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய நாலு டயோட்டுகளை இடையில் வைத்திருக்கிறார். கரடி தட்டியது. ஆனால் பற்றரியில் தட்டியதைப்போல் அல்ல. பெடலைச் சுற்றுகிறவர் களைத்தால் கரடியும் களைத்தது. அவர் பேச்சில் கவனம் போனால் அதுவும் கையைத் தூக்கியபடி யோசித்தது. மகள் அதைத்தான் விரும்பினாளாம். பற்றரி வந்தபிறகு கரடிக்கு விசராக்கிப் போட்டுது என்றாளாம்.

அந்தச் சிறுமியின் விமர்சனம் பனூ மூஸாவைப் பற்றி ஜஸரீ சொன்னதற்கு மிக அருகில் இருக்கிறது. பற்றரி சலிப்பறியாதது. ஆகவே சலிப்பையும் தயக்கத்தையும் பொறிக்குள் நாமே வெட்டி வைக்கவேண்டும்.

குதிரையை அப்படித்தான் அமைத்தோம். 1.5 வோல்ற் பென்டோர்ச் பற்றரி இரண்டு, மோட்டார் ஒன்று, விநாடிக்கு ஒரு சுற்றாக வேகம் குறைக்கப்பட்ட முதன்மை அச்சு. அந்த அச்சில் 10 பற்கள் உள்ள சில்லு ஒன்று. அதனோடு 70, 90, 110 பற்கள் உள்ள மூன்று சில்லுகள் தனித்தனியே பொருந்துகின்றன. ஆக, காது 7 விநாடிக்கு ஒருமுறை, வால் 9 விநாடிக்கு ஒருமுறை, தலை 11 விநாடிக்கு ஒருமுறை. மூன்றையும் 10 விநாடியாக வைத்திருந்தால் அது கடிகாரம். இப்படி வைத்தால் காதும் வாலும் சேர்ந்து அசைவது 63 விநாடிக்கு ஒருமுறை; மூன்றும் தொடங்கிய நிலைக்கு ஒன்றாகத் திரும்ப 693 விநாடி, அதாவது பதினொன்றரை நிமிடத்துக்கும் சற்று மேல். அவ்வளவு நேரம் ஒரு பொம்மையை உற்றுப் பார்க்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. கணினிச் சில்லு தேவைப்படவில்லை. பொதுக் காரணியில்லாத மூன்று எண்கள் போதும்.

கால்களை அசைக்கவில்லை. நண்பருக்கு இதில் மனக்குறை. குதிரையின் நடை நாலடித் தாளம்: இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால். அதைச் செய்யலாம், செய்திருக்கிறார்கள். ருஷ்யக் கணிதர் செபிஷேவ் நடக்கும் பொறி ஒன்றை 1878இல் பாரிஸில் காட்டினார். அதே ஆண்டில்தான் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் பாய்ந்தோடும் குதிரையைத் தொடர்ப்படம் எடுத்து, நாலு காலும் நிலத்தை விட்டுக் கிளம்பும் கணம் உண்டென்று நிறுவினார். ஆனால் நான் நெடுந்தீவில் கண்டது நிற்கும் குதிரையை. கேட்டால், தண்ணீருக்குக் காத்து நிற்கும் குதிரை என்பேன்.

செய்ய விரும்புகிறவர்களுக்காகத் தட்டுகளின் அளவை எழுதிவிடுகிறேன். மூன்று தட்டுகளும் 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, விட்டம் 40 மில்லிமீற்றர். காதுத் தட்டின் விளிம்பில் 4 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வெட்டு, 20 பாகை அகலம். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. நெம்பு அதில் சட்டென விழுந்து சரிவில் ஏறிவர அரை விநாடி பிடிக்காது. ஒரு காதுக்கு மட்டும் நூல் கட்டவும், மற்றதை அசையாமல் விடவும். வால் தட்டில் இரண்டு மேடுகள் அடுத்தடுத்து, முதலாவது 5 மில்லிமீற்றர், இரண்டாவது 2. தலைத் தட்டில் 240 பாகைக்கு மெல்லிய சரிவு, பிறகு ஒரே ஏற்றம். விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சத்தம் போடும். மெழுகு தடவினால் நல்லது. வேலணையில் தேங்காயெண்ணெய் தடவினார்கள், அதில் எறும்பு வந்தது.